எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்: விதைநெல்லை விற்கலாமா? டெட்ராய்ட்டை விடாமல் துரத்தும் கேள்வி

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை காலை. எனக்கு மார்னிங் ஷிஃப்ட். ஒரு விண்டோவில் தங்கம் விலை அப்டேட், இன்னொரு விண்டோவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நடந்துகொண்டிருந்த பேஸ்பால் மேட்ச். அங்கே அது வெள்ளிக்கிழமை இரவு. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. டீ ஆறிப்போனது. தங்கம் விலையும் லேட்டாகத்தான் போட்டேன். அதற்குத் திட்டும் வாங்கினேன்.

15-வது இன்னிங்ஸில் ஜோர்ஜ் பொலாங்கோ அடித்த ஒரே ஒரு ஷாட்டில் எல்லாம் முடிந்தது. சியாட்டில் மரினர்ஸ் 3, டெட்ராய்ட் டைகர்ஸ் 2. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் போராடிய டெட்ராய்ட்டின் சீசன், அந்த நொடியில் குளோஸ்.

எனக்கு அந்த ஆட்டத்தில் மனதை உறுத்தியது பொலாங்கோவின் ஷாட் இல்லை. டெட்ராய்ட்டின் பிட்சர் டாரிக் ஸ்கூபல். ஆறு இன்னிங்ஸ் எறிந்தார். ஆறு இன்னிங்ஸ் என்றால் 18 அவுட். அந்தப் பதினெட்டில் 13 ஸ்ட்ரைக் அவுட். இன்றைய தேதியில் உலகின் தலைசிறந்த பிட்சர் யார் என்று கேட்டால் பலரும் சொல்லும் பெயர் அவருடையதுதான். 2-1 என்ற முன்னிலையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் போய் உட்கார்ந்தார். அடுத்த இன்னிங்ஸிலேயே அந்த முன்னிலை கரைந்துவிட்டது. அதன் பிறகு எட்டு இன்னிங்ஸ், டெட்ராய்ட்டால் இன்னொரு ரன் எடுக்க முடியவில்லை.

இந்தத் தோல்விக்கான விதை அன்று இரவு போடப்பட்டதல்ல. பத்து வாரங்களுக்கு முன்பு, ஜூலை 31 மாலை ஆறு மணிக்குப் போடப்பட்டது. இன்னும் சரியாகச் சொன்னால், அன்று விதைநெல்லை விற்க மாட்டேன் என்று டெட்ராய்ட் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டது.

அது என்ன ஜூலை 31?

பேஸ்பால் புதிது என்பவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. அமெரிக்காவின் மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். சீசனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முடியும் நேரத்தில், ஜூலை கடைசியில், 'டிரேட் டெட்லைன்' வரும். யார் கோப்பைக்கு முட்டி மோதுகிறார்கள், யார் கதை முடிந்தது என்பது அதற்குள் ஓரளவு தெரிந்துவிடும். கதை முடிந்த அணிகள் தங்கள் ஸ்டார்களை விற்கும். முட்டி மோதும் அணிகள் வாங்கும். ஐ.பி.எல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி வாங்கும் விஷயமல்ல இது. பெரும்பாலும் பண்டமாற்று. ஸ்டாருக்குப் பதிலாக என்ன கொடுப்பார்கள்? பையன்களை.

18, 19, 20 வயதுப் பையன்கள். இன்னும் மேஜர் லீகில் ஒரு பந்துகூட விளையாடாதவர்கள். இவர்களை 'பிராஸ்பெக்ட்ஸ்' என்கிறார்கள். ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள் உண்டு. மொத்தம் 120. சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். இந்த அமைப்பை 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக உருவாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி. இதற்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபார்ம் சிஸ்டம்'. அதாவது, பண்ணை. விதைநெல் என்று நான் சொன்னது சும்மா அழகுக்கு இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

நம் ஊர் விவசாயிகளிடம் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பட்டினி கிடந்தாலும் விதைநெல்லில் கை வைக்காதே என்பது ஒன்று. காற்று அடிக்கும்போதே தூற்றிவிடு என்பது இன்னொன்று. ஒவ்வொரு ஜூலையும் பேஸ்பால் ரசிகர்கள் இந்த இரண்டில் எது என்று அடித்துக்கொள்கிறார்கள். இந்தச் சண்டையின் எல்லாப் பக்கத்திலும் நின்று பார்த்த நகரம் என்றால், என் ஓட்டு டெட்ராய்ட்டுக்குத்தான்.

ஒரு தாத்தா, ஒரு பேரன், ஒரு 36 வயதுக்காரர்

1987 ஆகஸ்ட். டெட்ராய்ட்டும் டொரான்டோ புளூ ஜேஸும் ஒரே டிவிஷனில் முட்டிக்கொண்டிருந்தார்கள். டெட்ராய்ட்டுக்கு ஒரு பிட்சர் அவசரமாகத் தேவை. அட்லான்டா பிரேவ்ஸ் அணியில் டாய்ல் அலெக்ஸாண்டர் என்று ஒரு 36 வயது அனுபவசாலி இருந்தார். அவருக்கு ஈடாக அட்லான்டா கேட்டது, டெட்ராய்ட்டின் டபுள்-ஏ அணியில், கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் எறிந்துகொண்டிருந்த ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பையனை.

ஸ்மோல்ட்ஸ் மிச்சிகன் மாநிலத்துப் பையன். சின்ன வயதிலிருந்தே டைகர்ஸ் ரசிகன். அவருடைய தாத்தா டெட்ராய்ட்டின் டைகர் ஸ்டேடியத்தில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் அணிக்கு எறிய வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பையனுக்கு வேறென்ன கனவு இருந்திருக்கும்?

ஆகஸ்ட் 12-ம் தேதி டீல் முடிந்தது. பையன் அட்லான்டாவுக்கு, அலெக்ஸாண்டர் டெட்ராய்ட்டுக்கு.

அடுத்து நடந்ததை சினிமாவில் வைத்தால் 'ஓவர் சார்' என்பார்கள். அலெக்ஸாண்டர் 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. அவர் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் டெட்ராய்ட் ஜெயித்தது. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்தது 1.53 ரன். கடைசி வாரத்தில் டொரான்டோ வரிசையாக ஏழு ஆட்டங்களில் தோற்றது. கடைசி மூன்றும் டெட்ராய்ட்டிலேயே, டெட்ராய்ட்டிடமே. கடைசி நாள் 1-0. டிவிஷன் டைட்டில் டெட்ராய்ட்டுக்கு. அந்த ஊர் அன்று எப்படிக் கொண்டாடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு பிளே-ஆஃப். எதிரணி, 85 ஆட்டங்கள் மட்டுமே ஜெயித்திருந்த மினசோட்டா ட்வின்ஸ். டெட்ராய்ட் ஜெயித்தது 98. ஆனால் தொடரை மினசோட்டா 4-1 என்று தட்டிச் சென்றது. அலெக்ஸாண்டர் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. 1989-ல் 18 ஆட்டங்களில் தோற்று, அத்தோடு அவர் ரிட்டயர் ஆனார். டெட்ராய்ட் அதற்கப்புறம் பிளே-ஆஃப் பக்கம் எட்டிப் பார்த்தது 2006-ல். 19 வருஷம். நடுவில் 2003-ல் ஒரே சீசனில் 119 தோல்வி வேறு.

ஸ்மோல்ட்ஸ் என்ன ஆனார்? 213 வெற்றி, 154 சேவ். 200 வெற்றியும் 150 சேவும் சேர்த்து வைத்திருக்கும் ஒரே பிட்சர் அவர்தான். 1995-ல் அட்லான்டாவோடு வேர்ல்ட் சீரிஸ், 1996-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம்.

'விதைநெல்லை விற்றால் இதுதான் கதி' என்று அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகைகள் இந்தக் கதையை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. இதன் தம்பி மாதிரி ஒரு கதையும் உண்டு. 1990-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, லேரி ஆண்டர்சன் என்ற பிட்சருக்காக ஜெஃப் பேக்வெல் என்ற பையனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஆண்டர்சன் எறிந்தது 22 இன்னிங்ஸ். பேக்வெல் அடித்தது 449 ஹோம் ரன். அவரும் ஹால் ஆஃப் ஃபேம்.

ஆனால் எனக்கு இந்தக் கதைகள் சொல்லப்படும் விதத்தில் ஒரு சண்டை இருக்கிறது. 1987-ல் கிளென்ஸ் ஃபால்ஸில் ஸ்மோல்ட்ஸின் கணக்கு என்ன தெரியுமா? 4 வெற்றி, 10 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.68 ரன் விட்டுக்கொடுத்தார். டிராஃப்டில் 22-வது ரவுண்டில் எடுக்கப்பட்டவர். அந்தப் பேப்பரை உங்கள் கையில் கொடுத்து, டிவிஷன் டைட்டில் வேண்டுமா இந்தப் பையன் வேண்டுமா என்று கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? பரீட்சை முடிந்த பிறகு ஆன்சர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு மார்க் போடுவது சுலபம். அதுவும் அந்த டைட்டில் நிஜமாகவே கிடைத்தது. அலெக்ஸாண்டர் இல்லாமல் அது கிடைத்திருக்காது. டெட்ராய்ட் ஒன்றுமே வாங்காமல் ஏமாந்ததுபோலப் பேசுவது அநியாயம்.

தவிர, இதே டெட்ராய்ட் வேறு கதைகளும் வைத்திருக்கிறது. 2007 டிசம்பரில் கேமரன் மேபின், ஆண்ட்ரூ மில்லர் என்ற இரண்டு பெரிய நம்பிக்கை நட்சத்திரங்களையும் இன்னும் நாலு பேரையும் ஃபுளோரிடா மார்லின்ஸுக்குக் கொடுத்தது. வந்தவர்களில் ஒருவர் 24 வயது மிகேல் கப்ரேரா. 45 வருஷம் யாராலும் தொட முடியாத டிரிபிள் கிரவுனை 2012-ல் அடித்தவர். 2023 வரை டெட்ராய்ட்டிலேயே ஆடி ரிட்டயர் ஆனார். அந்த டீலுக்காக அந்த ஊரில் யாரும் வருத்தப்பட்டதாக நான் படித்ததில்லை.

2017-ல் டெட்ராய்ட் விற்பவராக மாறியது. தன் சூப்பர் ஸ்டார் ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்குக் கொடுத்து மூன்று பையன்களை வாங்கியது. வெர்லாண்டர் போன வருஷமே வேர்ல்ட் சீரிஸ் மோதிரம் போட்டார். (ஹூஸ்டன் அந்த வருஷம் எதிரணியின் சிக்னலைத் திருடியது தனி வில்லங்கம், அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.) மூன்று பையன்களில் பெரிய பெயராகப் பேசப்பட்டவர் ஃபிராங்க்ளின் பெரஸ். அவர் டெட்ராய்ட்டுக்காக மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை. காயம் மேல் காயம்.

விதைநெல் எல்லாமே முளைப்பதில்லை என்பதற்கு இந்திய உதாரணமே இருக்கிறது. ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்து 2014-ல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்திருப்பீர்கள். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் டி.வி ஷோ மூலம் கண்டுபிடித்து, 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த கதை. (கொல்கத்தா டீம் ரிங்கு சிங் இல்லை, இவர் வேறு. பிறகு டபிள்யூ.டபிள்யூ.இ மல்யுத்தத்துக்குப் போனவர்.) படம் ஒப்பந்தத்தோடு சுபமாக முடிந்துவிடும். நிஜத்தில் இருவருமே மேஜர் லீகை எட்டவில்லை. பண்ணையில் அப்படி நின்றுபோகிறவர்கள்தான் அதிகம்.

108 வருஷப் பசி

சரி, கொடுத்து ஜெயித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சிகாகோ கப்ஸ்.

1908-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத அணி. 2016-ல் மிரட்டலான டீம் அமைந்தது. ஆனால் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் 'க்ளோசர்' ஒருவர் தேவைப்பட்டார். ஜூலை 25-ம் தேதி நியூயார்க் யாங்கீஸிடமிருந்து அரோல்டிஸ் சாப்மனை வாங்கியது. பதிலுக்கு நான்கு பேர். அதில் கிளேபர் டோரஸ் என்ற 19 வயது வெனிசுவேலா பையன்தான் கப்ஸ் பண்ணையின் முதல் தரம். சாப்மனின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. அதாவது, சில மாத வாடகைக்கு ஒரு வைரத்தைக் கொடுத்தார்கள். குடும்ப வன்முறைப் புகாரில் லீக் அவருக்கு 30 ஆட்டங்கள் தடை விதித்திருந்த வருஷம் அது. கோர்ட், கேஸ் என்று போகவில்லை என்றாலும், இந்த ஆளை வாங்கியா கோப்பை ஜெயிக்க வேண்டும் என்று முகம் சுளித்த கப்ஸ் ரசிகர்கள் நிறைய. அந்த முகச்சுளிப்பை நான் மதிக்கிறேன்.

வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம். சாப்மன் எட்டாவது இன்னிங்ஸில் ரஜாய் டேவிஸிடம் ஹோம் ரன் வாங்கி, 6-6 என்று ஸ்கோரைச் சமமாக்கிவிட்டார். மொத்த சிகாகோவுக்கும் நெஞ்சு நின்றிருக்கும். ஆனாலும் ஒன்பதாவது இன்னிங்ஸை அவரே சமாளித்தார். 17 நிமிடம் மழை, பத்தாவது இன்னிங்ஸ், 8-7. 108 வருஷப் பசி தீர்ந்தது. டிசம்பரில் சாப்மன் திரும்பவும் யாங்கீஸுக்கே போய்விட்டார். டோரஸ் 2018-ல் யாங்கீஸுக்காக அறிமுகமாகி, 2019-ல் 38 ஹோம் ரன் அடித்தார்.

கணக்குப் பார்த்தால் கப்ஸுக்கு நஷ்டம். கப்ஸ் ரசிகர் ஒருவரிடம் போய் அந்தக் கணக்கைக் காட்டிப் பாருங்கள், சிரித்துவிட்டுப் போவார்.

எதிர்க்கட்சி வக்கீலுக்கும் நேரம் கொடுக்க வேண்டும். வைத்துக்கொள்ளச் சொல்பவர்களின் வாதம் லேசானதில்லை. இப்போது 12 அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகின்றன. முதல் சுற்று வெறும் மூன்று ஆட்டம். 162 ஆட்டம் ஆடி நிரூபித்ததை, மூன்று நாளில் ஒரு மோசமான இன்னிங்ஸ் அழித்துவிடும். 2023 வேர்ல்ட் சீரிஸ் வரை வந்த அரிசோனா ஜெயித்தது 84 ஆட்டங்கள்தான். அப்படியொரு லாட்டரிக்காகப் பத்து வருஷ ஸ்டாரைக் கொடுப்பது புத்திசாலித்தனமா? வருஷா வருஷம் பிளே-ஆஃபுக்குப் போய்க்கொண்டே இரு, என்றாவது அடிக்கும் என்பது அவர்கள் கட்சி.

நியாயமான வாதம்தான். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகமும் ஒளிந்திருக்கிறது. ஒரு பையன் மேஜர் லீகுக்கு வந்தால் முதல் ஆறு வருஷம் அணியை விட்டு வெளியே போக முடியாது. முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025-ல் அது 7,60,000 டாலர், நம் கணக்கில் ஆறரைக் கோடி ரூபாய்க்கு மேல். உங்களுக்கும் எனக்கும் அது மலை. ஆனால் அதே ஆட்டத்தை ஆடும் பெரிய ஸ்டார்களுக்கு வருஷத்துக்கு 3 கோடி, 4 கோடி டாலர். ஆக, பையன்களை வைத்துக்கொள்வது எதிர்காலத்தின் மேல் உள்ள பாசம் மட்டுமல்ல, அது சிக்கனமும்கூட. 'பொறுமையாக இருங்கள், பையன்கள் வளர்கிறார்கள்' என்று ஒரு முதலாளி சொல்லும்போது, அவர் பர்ஸையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

2025: கை வைக்காத விதைநெல்

இப்போது மறுபடி டெட்ராய்ட். 2025 ஜூலையில் டைகர்ஸ் தன் டிவிஷனில் கிளீவ்லாண்டை விட 15½ ஆட்டங்கள் முன்னிலை. கையில் ஸ்கூபல், அவர் ஒப்பந்தம் 2026 வரைதான். கடைசியாக வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது 1984-ல்.

பண்ணையில் இரண்டு வைரங்கள். ஷார்ட்ஸ்டாப் கெவின் மெக்கானிகிள், சென்டர் ஃபீல்டர் மேக்ஸ் கிளார்க். இருவருக்கும் 20 வயது. இருவரும் அந்த ஜூலையில்தான் டெட்ராய்ட்டின் டபுள்-ஏ அணியான ஈரிக்கு உயர்த்தப்பட்டிருந்தார்கள். அதே டபுள்-ஏ, அதே 20 வயது. ஸ்மோல்ட்ஸ் நின்ற அதே படி. டெட்ராய்ட் நிர்வாகத்தின் தூக்கத்தில் அந்தப் பெயர் வந்ததா என்று எனக்குத் தெரியாது, வந்திருந்தால் ஆச்சர்யமில்லை.

மார்க்கெட்டில் மேசன் மில்லர் இருந்தார். மணிக்கு 100 மைலுக்கு மேல் எறியும் க்ளோசர், இன்னும் நாலு வருஷம் கையில் வைத்துக்கொள்ளலாம். சான் டியேகோ அவருக்காக லியோ டி விரீஸ் என்ற 18 வயது அதிசயப் பையனையே தூக்கிக் கொடுத்தது. டெட்ராய்ட் அந்த மாதிரி எந்தப் பெரிய பேரத்திலும் இறங்கவில்லை. வயதான பிட்சர்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அதில் ஒருவரான 41 வயது சார்லி மார்ட்டன், செப்டம்பர் முடிவதற்குள் அணியிலிருந்தே விடுவிக்கப்பட்டார்.

பிறகு நடந்தது சரிவு. 15½ ஆட்ட முன்னிலையும் போய், டிவிஷனைக் கிளீவ்லாண்டிடம் ஒரே ஒரு ஆட்டத்தில் இழந்தார்கள். வைல்டு கார்டில் அதே கிளீவ்லாண்டை வென்று மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, சியாட்டிலுக்குப் போனார்கள். அங்கேதான் அந்த 15 இன்னிங்ஸ்.

சியாட்டிலும் ஜூலையில் வாங்கிய அணிதான். ஜாஷ் நெய்லர், யூஹேனியோ சுவாரஸ் என்று இரண்டு பேட்ஸ்மேன்கள். அதுவும் தன் பண்ணையின் முதல் தரத்தைத் தொடாமல், இரண்டாம் தரத்தைக் கொடுத்தே முடித்தது. கெட்டிக்காரத்தனம். இதில் இன்னொரு குத்தல். சுவாரஸ் 2014-ல் மேஜர் லீகில் அறிமுகமானதே டெட்ராய்ட்டில். அந்த வருஷக் கடைசியில் ஒரு பிட்சருக்காக அவரை சின்சினாட்டிக்குக் கொடுத்தார்கள். 2025 சீசனில் அவர் அடித்தது 49 ஹோம் ரன். டெட்ராய்ட்டை அனுப்பிவைத்த பிறகு, அடுத்த சுற்றில் டொரான்டோவுக்கு எதிராக ஒரு கிராண்ட் ஸ்லாமும் அடித்தார். சியாட்டிலும் கோப்பை வாங்கவில்லை. அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. மில்லரை வாங்கிய சான் டியேகோவோ முதல் சுற்றிலேயே வெளியே. காற்று அடிக்கும்போது தூற்றினாலும் நெல் நிச்சயமில்லை என்பது வாஸ்தவம்தான்.

இருந்தாலும், என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட் அந்த இருவரில் ஒருவரைக் கொடுத்திருக்க வேண்டும். யாருக்காக வேண்டுமானாலும் அல்ல. கப்ரேரா மாதிரி, மில்லர் மாதிரி, சில வருஷம் கூடவே இருக்கக்கூடிய ஒருவருக்காக. ஏனென்றால் விதைநெல் மட்டும்தான் கெட்டுப்போகும் பொருள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்கூபலின் தோள்பட்டைக்கும் எக்ஸ்பைரி டேட் இருக்கிறது. ஒரு நல்ல வருஷத்துக்கும் இருக்கிறது. 1987-க்குப் பிறகு 2006 வரை காத்திருந்த ஊருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்த பையன் நாளை இன்னொரு ஸ்மோல்ட்ஸ் ஆனால்? ஆகட்டும். அன்றைக்கு டெட்ராய்ட்டின் ஷோகேஸில் ஒரு கோப்பை இருந்தால், அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்ளலாம்.

அந்த 15 இன்னிங்ஸ் இரவில், டெட்ராய்ட்டின் செகண்ட் பேஸ்மேன் யார் தெரியுமா? கிளேபர் டோரஸ். கப்ஸ் ஒரு கோப்பைக்காகக் கொடுத்த அதே பையன். யாங்கீஸில் ஏழு சீசன் ஆடிவிட்டு, இன்னும் மோதிரம் இல்லாமல் இங்கே வந்திருந்தார்.

விதைநெல்லுக்கு வாய் இல்லை

இவ்வளவு தெளிவாகத் தீர்ப்பு சொல்லிவிட்டேனே, ஒரு இடத்தில் மட்டும் எனக்குக் கை நடுங்குகிறது. நானும் இருபதுகளில் இருப்பவன். 'பொட்டன்ஷியல் இருக்கு தம்பி' என்பதைச் சம்பளத்துக்குப் பதிலாகப் பல முறை வாங்கியிருக்கிறேன். நெல்லுக்கு வாய் கிடையாது. இந்தப் பையன்களுக்கு இருக்கிறது, ஆனால் யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதி வாங்கியிருந்தால் தவிர, மேஜர் லீகில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவர்தான் டிரேடுக்கு 'முடியாது' என்று சொல்ல முடியும். டபுள்-ஏ பையனுக்கு போன் வரும், பெட்டி கட்டுவான், அவ்வளவுதான். அவன் சம்பளமும் ஒன்றும் கோடியில் இல்லை. 2023-ல் மைனர் லீக் வீரர்களுக்கு முதல் முறையாக யூனியன் ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பிறகே டபுள்-ஏ குறைந்தபட்சம் வருஷத்துக்கு 30,250 டாலர் ஆனது.

2015 ஜூலை 29. நியூயார்க் மெட்ஸ் அணியின் ஸ்டேடியம். ஷார்ட்ஸ்டாப்பில் நின்றிருந்தவர் வில்மர் ஃபுளோரஸ், 23 வயது, வெனிசுவேலாக்காரர். 16 வயதில் மெட்ஸில் சேர்ந்தவர், வேறு வீடு தெரியாதவர். மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே ரசிகர்களின் போனில் செய்தி ஓட ஆரம்பித்தது, ஃபுளோரஸை மில்வாக்கிக்கு டிரேட் செய்துவிட்டார்கள் என்று. அவர் பேட்டிங் வந்தபோது மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று கைதட்டியது. எதற்கு என்று அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு, ஃபீல்டில் நின்றுகொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினார். அணியின் மேனேஜருக்கே விஷயம் தெரியாது. அந்த வீடியோ இன்னும் நெட்டில் இருக்கிறது. ஒரு முறை பாருங்கள்.

கடைசியில் அந்த டீல் நடக்கவில்லை. எதிர்ப்பக்க வீரரின் இடுப்பில் பிரச்னை இருக்குமோ என்று மெட்ஸே பின்வாங்கியது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 31 இரவு, வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தின் 12-வது இன்னிங்ஸில் ஃபுளோரஸ் ஒரு ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். ஓடி வரும்போது நெஞ்சில் இருந்த 'மெட்ஸ்' என்ற எழுத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினார். ஸ்டேடியம் வெடித்தது. மெட்ஸ் அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ் வரை போனது.

அந்த ஜூலை 31 அன்றுதான் மெட்ஸ் இன்னொரு டீலையும் முடித்திருந்தது. யோனிஸ் செஸ்பெடஸ் என்ற ஸ்டார் பேட்ஸ்மேன் வந்தார். 57 ஆட்டங்களில் 17 ஹோம் ரன் அடித்து அணியைத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்காகக் கொடுக்கப்பட்டவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபுல்மர், 22 வயது பிட்சர். பிங்காம்டன் என்ற ஊரில் மெட்ஸின் டபுள்-ஏ அணியில் எறிந்துகொண்டிருந்தார். ஃபுளோரஸுக்காக ஸ்டேடியம் வெடித்த அந்த இரவில், ஃபுல்மரின் பெயரை அங்கே யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் விருதை அவர் வாங்கினார், வேறு ஒரு நகரத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு.

அந்த நகரம், டெட்ராய்ட்.